வீட்டிலிருந்தே ஆற்றங்கரைக்கு: பெரியவர்களுக்காக ஒரு கம்ப்யூட்டர் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு, ஆபீஸ் வேலை, ரயில் டிக்கெட், பேங்க் கணக்கு என்று வரிசையாகச் சொல்வார்கள். வீட்டில் இருக்கும் வயதான அம்மாவுக்காக, அப்பாவுக்காக வாங்கினேன் என்று சொல்பவர்கள் குறைவு. நானும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை இன்று காலை வேளையில் அதிகம் பயன்படுத்துபவர் 76 வயதான என் அம்மாதான். அவர் மவுஸைத் தொடுவதில்லை. பார்க்கிறார், கேட்கிறார், எங்களை வேலை வாங்குகிறார்.

அம்மா அம்பாசமுத்திரத்தில் வளர்ந்து வாழ்ந்தவர். தினமும் விடியற்காலையில் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனவர். அப்பா காலமானபின் சென்னையில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்தார். லிப்ட் இல்லை. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் அதன்பின் அவர் படியிறங்குவது நின்றுபோனது. மெல்லப் பேச்சும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. "சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்" என்று ஒரு நாள் சொன்னார். அவருடைய ஜன்னலுக்கு வெளியே உண்மையிலேயே பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் வழியாக அவருக்கு மரத்தையும் ஆற்றையும் பறவையையும் காட்ட முடியுமா என்று நான் தேடத் தொடங்கியது அப்போதுதான். அந்த முயற்சியில் நான் கற்றவற்றையும், செய்த தவறுகளையும் இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

முதலில், இதனால் பயன் உண்டா?

ஜன்னலும் சுவரும் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் அறை ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984ல் சயின்ஸ் இதழில் இது வெளியானது.

சரி, ஜன்னலுக்குப் பதில் கம்ப்யூட்டர் திரை என்றால்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் குழுவினர் 2008ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. லேசான மன அழுத்தம் தரும் வேலைகளைச் செய்த மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான ஜன்னல், இன்னொரு பகுதியினருக்கு அதே காட்சியைக் காட்டும் பெரிய பிளாஸ்மா திரை, மற்றவர்களுக்கு வெறும் சுவர். ஜன்னல் அருகே இருந்தவர்களின் இதயத் துடிப்பு விரைவாகச் சீரானது. திரைக்கும் சுவருக்கும் இடையே இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை! அவர்கள் இளைஞர்கள், வெளியே நடந்து போக முடிந்தவர்கள் என்பதனையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் 17 முதியோர் குடியிருப்புகளில் 65 முதல் 103 வயது வரையிலான 245 பேரிடம் விஆர் ஹெட்செட் மூலம் காட்சிகளைக் காட்டி, ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வுக் கூடமும் பங்கேற்று நடத்திய ஆய்வு 2024ல் செய்திகளில் வந்தது. பெரும்பாலோர் மனம் உற்சாகமாக இருப்பதாகச் சொன்னார்கள். என்னை அதிகம் கவர்ந்தது வேறொரு செய்தி. பார்த்ததைப் பற்றிப் பேசியதால் பெரியவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இடையே உறவு நன்றாக ஆனது என்று இரு தரப்பினரும் சொன்னார்கள்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். திரையைப் போட்டுவிட்டு நாம் எழுந்து போனால் அது இன்னொரு சுவர். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசினால்தான் அது ஜன்னலாக மாறுகிறது. இதைக் கற்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

நான் செய்த முதல் தவறு

யூட்யூபில் பத்து மணி நேரம் ஓடும் அருவி வீடியோ ஒன்றைத் தேடி எடுத்தேன். அம்மாவின் கட்டிலுக்கு எதிரே திரையை வைத்து, வீடியோவை ஓடவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். மாலையில் வந்தபோது திரை அணைந்திருந்தது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "நடு நடுவுல எவனோ கத்துதான் ல. நீ படத்தப் போட்டுட்டுப் போயிட்ட. நான் யார்ட்டச் சொல்லி நிறுத்துவேன்?" என்றார். கத்தியது விளம்பரம். அருவி எந்த நாட்டு அருவி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனவே பாடத்தைத் தொடங்கும் முன் கம்ப்யூட்டரைச் சரியாகத் தயார் செய்திடலாம். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செயல்படும். விண்டோஸ் 10 தொகுப்புக்கான பொதுவான சப்போர்ட் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. இன்னமும் அதனைப் பயன்படுத்துபவர்கள் 11க்கு மாறுவது பாதுகாப்பானது.

கம்ப்யூட்டரைத் தயார் செய்தல்

1. பெரிய திரை: லேப்டாப் திரை வயதான கண்களுக்குச் சிறியது. எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை வாங்கி கம்ப்யூட்டரை டிவியுடன் இணைக்கவும். பின் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு பி கீயை அழுத்தவும். கிடைக்கும் மெனுவில் டூப்ளிகேட் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டரில் தெரிவது டிவியிலும் தெரியும். டிவி ரிமோட்டில் எச்டிஎம்ஐ இன்புட்டைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம்.

2. ஒலி: டிவியில் படம் வந்து, ஒலி மட்டும் லேப்டாப்பிலேயே கேட்டால் பயப்பட வேண்டாம். டாஸ்க் பாரின் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் கிளிக் செய்து, ஒலி எதன் வழியாக வர வேண்டும் என்ற பட்டியலில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுக்கவும்.

3. திரை அணையாமல் இருக்க: விண்டோஸ் கீயுடன் ஐ அழுத்தினால் செட்டிங்ஸ் விண்டோ கிடைக்கும். சிஸ்டம் பிரிவில் பவர் என்பதனைத் திறந்து, திரை அணைவதற்கும் ஸ்லீப் நிலைக்குப் போவதற்குமான நேரத்தை ஒரு மணி நேரமாக மாற்றவும்.

4. முழுத் திரை: பிரவுசரில் எப்11 கீயை அழுத்தினால் மேலே உள்ள பட்டைகள் மறைந்து படம் முழுதாகத் தெரியும். மீண்டும் அதே கீயை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். யூட்யூபில் வீடியோ ஓடும்போது எப் கீயை அழுத்தினால் போதும்.

5. பிடித்த தளத்தைக் குறித்து வைக்க: கண்ட்ரோல் கீயுடன் டி அழுத்தவும். வீட்டில் வேறு ஒருவர் கம்ப்யூட்டரை இயக்கும்போது தேடி அலைய வேண்டியிருக்காது.

டேட்டா பற்றியும் ஒரு வார்த்தை. 1080பி தரத்தில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் ஏறத்தாழ 2 ஜிபி செலவாகும். மொபைல் போனிலிருந்து இன்டர்நெட் எடுத்துக் கொடுப்பவர்கள் வீடியோவின் கீழே உள்ள பல் சக்கர ஐகானில் கிளிக் செய்து, குவாலிட்டி என்பதில் 480பி தேர்ந்தெடுக்கவும்.

பாடம் 1: சொந்த ஊருக்குப் போகலாம்

எங்கள் வீட்டில் முதலில் பலன் கொடுத்தது கூகுள் எர்த். 2005ல் வெளியான இந்த புரோகிராமை இப்போது டவுன்லோடு செய்யாமலேயே பிரவுசரில் பயன்படுத்தலாம். எர்த் டாட் கூகுள் டாட் காம் என்ற முகவரியை ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். தேடல் கட்டத்தில் ஊரின் பெயரைக் கொடுத்து என்டர் தட்டவும். உலக உருண்டை சுழன்று, நீங்கள் கேட்ட ஊரின் மேல் வந்து நிற்கும்.

மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டினால் அருகே போகலாம். இடது பட்டனை அழுத்தியபடி இழுத்தால் நகரலாம். ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு இழுத்தால் பார்வை சாய்ந்து, மலைகள் எழுந்து நிற்பது போலத் தெரியும். அம்பாசமுத்திரத்தின் மேல் நின்று மேற்கே பார்வையைச் சாய்த்தபோது பொதிகை மலைத்தொடர் எழும்பியது. அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏல, கொஞ்சம் கீழ எறக்கு. அதுதான் பாலம். இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி. இன்னும் தள்ளு... படித்துறை இங்கதான இருக்கணும்."

நான் மவுஸைப் பிடித்திருந்தேன், அவர் வழி சொன்னார். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. கரையில் நின்ற மருத மரங்கள், வயல் வரப்பு வழியாக அவர் பள்ளிக்கூடம் போன பாதை, வெள்ளம் வந்த ஒரு வருடம் என்று கதை நீண்டது. என் மகள் "ஆச்சி, நீங்க ஆத்துல நீந்துவீங்களா?" என்று கேட்க, அவர் சிரித்ததைப் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன்.

இங்கே இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இது நேரடி ஒளிபரப்பு அல்ல. என்றோ எடுத்த சாட்டிலைட், விமானப் படங்களின் தொகுப்பு. "ஆத்துல தண்ணியே இல்லையே" என்று பெரியவர் வருந்தினால், படம் கோடையில் எடுக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு, ஊர் மாறியிருக்கும். உறவினர் ஒருவரின் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வீடுகளைப் பார்த்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். அன்று அதற்கு மேல் நான் காட்டவில்லை. இப்போதெல்லாம் முதலில் நான் தனியாகப் பார்த்துவிட்டு, பிறகுதான் அவரை அழைத்துப் போகிறேன்.

தெருவில் நடப்பது போலப் பார்க்க ஸ்ட்ரீட் வியூ வசதி உண்டு. இந்தியாவில் இது 2022ல் சென்னை உட்படப் பத்து நகரங்களில் தொடங்கியது. சிறு மனித பொம்மை ஐகானில் கிளிக் செய்தால், இந்தப் படங்கள் உள்ள சாலைகள் நீலக் கோடுகளாகத் தெரியும். கோட்டின் மேல் கிளிக் செய்திடவும்.

பாடம் 2: கண்ணை மூடிக் கேட்கலாம்

கண்புரை, கண் அழுத்தம் உள்ளவர்களுக்குத் திரையை விட ஒலி பெரிய துணை. 2005ல் தொடங்கிய செனோ-கான்டோ என்ற தளத்தில் உலகெங்கும் பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பறவையின் ஆங்கிலப் பெயரைக் கொடுத்துத் தேட வேண்டும். குயிலுக்கு ஏசியன் கோயல், மயிலுக்கு இந்தியன் பீபவுல், செம்போத்துக்கு கிரேட்டர் கவ்கல். கிடைக்கும் பட்டியலில், ஒவ்வொரு பதிவும் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும்.

இதை ஒரு விளையாட்டாகச் செய்திடலாம். பெயரைச் சொல்லாமல் குரலை மட்டும் ஒலிக்கவிட்டு, எந்தப் பறவை என்று கேளுங்கள். செம்போத்தின் "ஊப், ஊப்" தொடங்கிய இரண்டாவது நொடியில் அம்மா சொல்லிவிட்டார். நானும் என் மகளும் பத்துக்கு மூன்றுதான் சரியாகச் சொன்னோம். வீட்டில் எல்லோரிடமும் கேட்டே வாழ வேண்டியிருக்கும் ஒருவர், நமக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுக்கிறார். அது அவருக்கு எவ்வளவு பெரிய மருந்து என்பதனை நீங்களே பார்ப்பீர்கள்.

பாடம் 3: நேரடிக் காட்சிகள்

உலகின் பல காடுகளிலும் நீர்நிலைகளிலும் கேமரா வைத்து இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுகிறார்கள். "அங்க இப்ப நடக்குதா?" என்ற வியப்பே இதன் சிறப்பு. ஆனால் நம் ஊர் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்காவிட்டால் வெறும் இருட்டுதான் தெரியும். நான் பயன்படுத்தும் அட்டவணை இதோ:

காலை 7 மணி: அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் உள்ள புரூக்ஸ் அருவி. எக்ஸ்ப்ளோர் டாட் ஆர்க் தளத்தில் கிடைக்கும். ஜூலையில் பார்த்தால் அங்கே முந்தைய நாள் மாலை 5.30. பழுப்புக் கரடிகள் அருவியின் மேல் நின்று, துள்ளி வரும் சால்மன் மீன்களைப் பிடிப்பதைப் பார்க்கலாம்.

மதியம் 2 மணி: ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் உள்ள நீர்க்குட்டை. யூட்யூபில் நமீபியா கேம் என்று ஆங்கிலத்தில் தேடவும். அங்கே அப்போது காலை 10.30. மான் வகைகளும் நெருப்புக்கோழிகளும் தண்ணீர் குடிக்க வரும்.

மாலை 6.30 மணி: அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் தீனி மேடை கேமரா. கோடையில் அங்கே காலை 9 மணி. சிறு பறவைகள் வந்து கொத்திப் போகும்.

இரவு 9 மணிக்கு மேல்: கலிபோர்னியாவின் மான்டெரே பே அக்வேரியம். ஜெல்லி மீன்கள் மெதுவாக மிதந்து போவது தூங்கப் போகும் முன் பார்க்க ஏற்ற காட்சி.

எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் எதுவும் வராமல் இருந்து, பிறகு ஒரு மான் எட்டிப் பார்த்தால் அதுவே அன்றைய பேச்சு.

பாடம் 4: சுற்றிலும் பார்க்கலாம்

யூட்யூபில் 2015 முதல் 360 டிகிரி வீடியோக்கள் உள்ளன. தேடியபின் பில்டர் என்பதில் கிளிக் செய்து 360 என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். வீடியோ ஓடும்போது மவுஸால் இழுத்தால் மேலே, கீழே, பின்னால் என எல்லாப் பக்கமும் பார்க்கலாம். இதற்குத் தனியாக எந்தக் கருவியும் தேவையில்லை. வேகமாக இழுத்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். மெதுவாக இழுக்கவும்.

விஆர் ஹெட்செட் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கி வந்து அம்மாவுக்கு மாட்டிப் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் குமட்டல் வந்து கழற்றிவிட்டார். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் தலைசுற்றல், வலிப்பு, கண் நோய், தடுமாறி விழும் பழக்கம் உள்ளவர்களுக்கு டாக்டரிடம் கேட்காமல் மாட்ட வேண்டாம். மாட்டினாலும், கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, ஐந்து நிமிடத்துக்குள் நிறுத்திக்கொள்ளவும். என் கருத்தில், தொடங்குபவர்களுக்கு டிவி திரையே போதும். ஹெட்செட்டுக்குள் ஒருவர்தான் இருக்க முடியும். திரைக்கு முன் குடும்பமே உட்காரலாம்.

மறக்கக் கூடாதவை

* எதைப் பார்ப்பது என்பதனைப் பெரியவரே முடிவு செய்யட்டும். நமக்குப் பிடித்ததைத் திணிக்க வேண்டாம்.

* ஒரு முறைக்கு 20 நிமிடம் போதும். பிறகு எழுந்து, முடிந்த அளவு நாலு அடி நடக்கச் செய்யவும். நாள் முழுதும் உட்கார வைக்க இது சாக்காகக் கூடாது.

* மிருகங்கள் வேட்டையாடும் காட்சிகளையும் திடீர்ச் சத்தம் உள்ளவற்றையும் தவிர்க்கவும். ஞாபக மறதி நோய் உள்ளவர்கள் திரையில் வருவதை வீட்டுக்குள் நடப்பதாக எண்ணிப் பயப்படலாம்.

* தொடர்ந்து சாப்பிடாமல், தூங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு டாக்டர்தான் வேண்டும், கம்ப்யூட்டர் அல்ல. நாங்களும் இரண்டையும் சேர்த்தே செய்தோம்.

இறுதியாக ஒன்று. இதையெல்லாம் இரண்டு மாதம் பார்த்தபின் ஒரு நாள் அம்மா கேட்டார்: "இதெல்லாம் சரிதான் ல. கீழ ஒரு வேப்ப மரம் நிக்குன்னு சொன்னியே, அதப் பாக்க முடியுமா?" எனக்குச் சுருக்கென்றது. அலாஸ்கா வரை காட்டிய நான், வாசலில் இருக்கும் மரத்தைக் காட்டவில்லை! பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு, படியேறும் பயிற்சியைத் தொடங்கினோம். அதுவரை ஆறு மாதமாக வேண்டாம் என்று சொல்லிவந்தவர், இந்த முறை தாமே நாளைக் கணக்கிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் இரு பக்கமும் நிற்க, ஒவ்வொரு படியாக இறங்கி, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

மற்ற நாட்களில் கூகுள் எர்த் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேளுங்கள், "முதல்ல எங்க போகலாம்?" என்று. அவர் சொல்லும் ஊரின் பெயரை டைப் செய்துவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.